மின்தேக்கி இருக்கும் சுற்றில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

சுற்று வேலை செய்யவில்லை என்றால் முதலில் பழி விழுவது மின்தேக்கியின் (கெப்பாசிட்டர்) மேல்தான். பலகையைத் திறந்தவுடன் அதைக் கழற்றிப் புதியதைப் போடுவது பலருக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. சில தடவை அது பலிக்கிறது. பல தடவை புதிய மின்தேக்கியும் பழையது செய்ததையே செய்கிறது, ஏனென்றால் பழையதிடம் குற்றமே இல்லை. அது தன் இயல்புப்படி நடந்துகொண்டது, நாம்தான் அதைக் கோளாறு என்று நினைத்துவிட்டோம்.

அந்த இயல்பை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். மின்தேக்கியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம் ஒரே தாவலில் மாறாது. அந்த மின்னழுத்தம் மாறிக்கொண்டிருக்கும்வரைதான் அதன் வழியே மின்னோட்டம் இருக்கும். வெறுமையாக இருக்கும் மின்தேக்கியைச் சுற்றில் இணைத்த முதல் கணத்தில் அது வெறும் கம்பி போல நடந்துகொள்ளும். நிரம்பிய பிறகு அறுந்த கம்பி போல. கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறியையும் இந்த இரண்டு வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது இயல்பு, எது பழுது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

தொடுவதற்கு முன்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேரடியாகத் திருத்தி எடுக்கும் எந்தக் கருவியிலும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி ஏறக்குறைய 325 வோல்ட் வரை நிரம்பியிருக்கும், ஏனென்றால் அது மாறுதிசை அலையின் உச்ச மதிப்புக்கு ஏறுகிறது. சின்ன பேட்டரியில் ஓடும் கேமரா ஃபிளாஷுக்குள்கூட 300 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று கையை வைத்தவர்கள் பலர் அடி வாங்கியிருக்கிறார்கள்.

முனைகளை ஸ்குரூடிரைவரால் இணைத்துப் பொறி பறக்கவிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது மின்தேக்கியின் உள் இணைப்பையும் பலகையின் தடங்களையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு பக்கமும் நன்றாக உறையிட்ட கம்பியைப் பொருத்தி, அதை முனைகளில் சில விநாடிகள் பிடித்தால் போதும். 100 மைக்ரோஃபாரடு மின்தேக்கி அதன் வழியே ஒரே விநாடியில் கிட்டத்தட்ட முழுவதும் வடிந்துவிடும். பிறகு மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை அளப்பதும் நல்லது, ஏனென்றால் வடித்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த மின்தேக்கியில் சில வோல்ட் தானாகவே திரும்ப எழும். தகடுகளுக்கு இடையே உள்ள மின்காப்புப் பொருள் உறிஞ்சி வைத்திருந்த மின்னூட்டம் மெல்ல வெளியே வருவதால் இப்படி நடக்கிறது. உள்ளே மின்கடத்தும் திரவம் கொண்ட மின்பகுளி (எலக்ட்ரோலைட்டிக்) வகையில் இது அதிகம். பெரிய உயர் மின்னழுத்த மின்தேக்கிகளைக் கிடங்கில் வைக்கும்போது முனைகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டி வைப்பதற்கு இதுதான் காரணம்.

எல்.இ.டி. ஒரு கணம் எரிந்து அணைந்துவிடுகிறது

புதிதாகக் கற்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஓர் எல்.இ.டி., 1000 மைக்ரோஃபாரடு மின்தேக்கி எல்லாவற்றையும் ஒரே தொடராக இணைத்திருப்பார்கள். விளக்கு பளிச்சென்று எரிந்து, மங்கி, அணைந்துவிடும். இரண்டாம் தடவை இணைத்தால் எரியவே எரியாது. உடனே எல்.இ.டி. போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள்.

எதுவும் போகவில்லை. இணைத்த கணத்தில் மின்தேக்கியில் பூச்சியம் வோல்ட். எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 7 வோல்ட் ரெசிஸ்டர்மேல் நிற்கும். ஆகவே 7 மில்லிஆம்பியர். மின்தேக்கி நிரம்ப நிரம்ப ரெசிஸ்டருக்குக் கிடைக்கும் பங்கு குறையும், மின்னோட்டமும் குறையும். ரெசிஸ்டரின் ஓம் மதிப்பையும் மின்தேக்கியின் ஃபாரடு மதிப்பையும் பெருக்கினால் விநாடிக் கணக்கில் கால மாறிலி கிடைக்கும். இங்கே அது 1 விநாடி. ஒரு கால மாறிலிக்குள் போகவேண்டிய தூரத்தில் 63 சதவீதம் முடிந்துவிடும், மூன்றில் 95, ஐந்தில் 99 சதவீதத்துக்கு மேல். பேட்டரியைக் கழற்றினாலும் மின்தேக்கி நிரம்பியபடியே இருப்பதால், திரும்ப இணைக்கும்போது பாய்வதற்கு எதுவும் இல்லை. அதன் இரு முனைகளையும் இன்னொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரால் சில விநாடிகள் இணைத்து வடித்துவிட்டு மறுபடியும் இணையுங்கள், விளக்கு எரியும்.

விளக்கு எரிந்துகொண்டே இருக்கவேண்டும், பேட்டரியை எடுத்த பிறகு மெல்ல மங்கவேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், மின்தேக்கியைத் தொடரில் வைக்காமல் ரெசிஸ்டரும் எல்.இ.டி.யும் சேர்ந்த கிளைக்குப் பக்க இணைப்பாக வையுங்கள்.

டைமர் கணக்கிட்ட நேரத்தில் நிற்கவில்லை, அல்லது நிற்கவே இல்லை

இந்த அறிகுறியிடம் நான் ஒரு முழு மாலையைத் தோற்றிருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1972-இல் சந்தைக்கு வந்து இன்றுவரை கற்பவர்களின் மேசையில் இருக்கும் 555 டைமர் ஐ.சி.யை வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் 11 விநாடி எரிந்து அணையும் விளக்கு ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரடு மின்பகுளி மின்தேக்கி, 9 வோல்ட். இந்த இணைப்பில் நேரம் என்பது 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் மின்தேக்கி, அதாவது 11 விநாடி. பொத்தானை அழுத்தினேன், விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. ஐ.சி.யை மாற்றினேன். அடுத்ததையும் மாற்றினேன். அதே கதைதான்.

கடைசியில் மீட்டரை மின்தேக்கியின்மேல் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மின்னழுத்தம் ஏறி, 5 வோல்ட்டில் நின்றுவிட்டது. 555 தன் வேலையை முடித்துக்கொள்ள மின்வழங்கலில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. 9 வோல்ட்டுக்கு அது 6 வோல்ட். அந்தக் கோட்டை எட்டாமல் மின்தேக்கி பாதியில் உட்கார்ந்திருந்தது.

எங்கே போகிறது மீதி? கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெசிஸ்டர்மேல் 4 வோல்ட், மதிப்பு 1 மெகா ஓம், ஆகவே 4 மைக்ரோஆம்பியர் உள்ளே வருகிறது. மின்தேக்கியின் மின்னழுத்தமோ மாறவில்லை. அப்படியானால் வருகிற 4 மைக்ரோஆம்பியரும் வேறு வழியாக வெளியே போகிறது. மீட்டரின் உள் மின்தடை 10 மெகா ஓம், அது எடுப்பது அரை மைக்ரோஆம்பியர். மீதி 3.5 மைக்ரோஆம்பியர் மின்தேக்கியின் உள்ளேயே ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குக் கசிகிறது. 555-இன் முனை எடுத்துக்கொள்ளும் அளவு இதன் முன்னால் அற்பம். என் பெட்டியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த மின்தேக்கி அது. மின்பகுளி வகையில் மின்காப்பு என்பது அலுமினியத்தின்மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். மின்னழுத்தம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அந்தப் படலம் தேய்ந்து கசிவு கூடும்.

இதற்குத் திருத்தம் என்று பலரும் முதலில் நினைப்பது, ரெசிஸ்டரை 100 கிலோ ஓம் ஆக்கி மின்தேக்கியை 100 மைக்ரோஃபாரடு ஆக்குவது. நேரம் மாறாது, உள்ளே வரும் மின்னோட்டம் பத்து மடங்கு கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அதே வகை மின்தேக்கியில் கொள்ளளவு பத்து மடங்கானால் கசிவும் அதே போக்கில் கூடும். ஆகவே இடமாற்றம்தான் நடக்கும், தீர்வு கிடைக்காது. உண்மையான வழிகள் மூன்று. ஒன்று, புதிய மின்தேக்கியைப் போடுவது. நல்ல நிலையில் உள்ளதில் சில நிமிடங்களில் கசிவு வெகுவாகத் தணிந்துவிடும். இரண்டு, பழையதையே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக அதன் குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் சில மணி நேரம் வைத்து ஆக்சைடு படலத்தைத் திரும்ப வளர்ப்பது. எனக்கு இந்த இரண்டாவது வழியில் தனிப் பிரியம் உண்டு. அன்று அந்த மின்தேக்கி அப்படித்தான் பிழைத்தது. மூன்று, நேரம் துல்லியமாக வேண்டும் என்றால் மின்பகுளி வகையையே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் படலத்தை மின்காப்பாகக் கொண்ட ஃபிலிம் வகைக்குப் போவது. ஃபிலிமில் கசிவு மிகக் குறைவு. கொள்ளளவு சிறியது என்பதால் ரெசிஸ்டர் பெரிதாகும், அப்போது முனையில் மிகக் குறைந்த மின்னோட்டமே எடுக்கும் சி.மாஸ் வகை 555 ஐ.சி. பொருத்தம்.

டைமர் நிற்கிறது, ஆனால் கணக்கு இரண்டு விநாடி தள்ளியிருக்கிறது என்றால் அது கோளாறே அல்ல. மின்பகுளி மின்தேக்கியின் மேல் எழுதியிருக்கும் மதிப்புக்கு ±20 சதவீதம் விலகல் வழக்கமானது. 11 விநாடி என்பது 8.8-க்கும் 13.2-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழலாம். தொடர்ந்து மினுக்கும் 555 சுற்றில் முதல் மினுக்கு மட்டும் நீளமாக இருப்பதும் இயல்பு. முதல் தடவை மின்தேக்கி பூச்சியத்திலிருந்து ஏறுகிறது. அடுத்தடுத்த தடவைகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஏறுகிறது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரெசிஸ்டர் உள்ள சுற்றில் மீட்டரே ஒரு சுமை. பழுதில்லாத மின்தேக்கியையே 1 மெகா ஓம் வழியாக 9 வோல்ட்டுக்கு ஏற்றி, மேலே மீட்டரை வைத்தபடி பார்த்தால் 8.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. மீட்டரை எடுத்துவிட்டுக் காத்திருந்து, பிறகு ஒரு கணம் மட்டும் தொட்டுப் படியுங்கள்.

மின்வழங்கியில் இரைச்சல், சுமை கூடினால் மின்னழுத்தம் சரிகிறது

ஒலிபெருக்கியில் 'உம்ம்' என்று அடித்தொண்டை இரைச்சல் வருகிறதா? காதைக் கூர்மையாக்குங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜ் திருத்தும்போது மின்தேக்கி விநாடிக்கு 100 தடவை நிரம்புகிறது, ஆகவே இரைச்சலும் 100 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் ஸ்தாயிகளும் கலந்து சற்றே கரகரப்பாக இருக்கும். இரைச்சல் அதைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்து 50 ஹெர்ட்ஸாகக் கேட்டால், பிரிட்ஜில் ஒரு டையோடு அறுந்திருக்கலாம், அல்லது தரை இணைப்பில் குறை. மின்தேக்கியை மாற்றுவதற்கு முன் அவற்றைப் பாருங்கள்.

மின்தேக்கியின் அளவு போதுமா என்பதற்கு எளிய கணக்கு உண்டு. சுமை எடுக்கும் ஆம்பியரை, விநாடிக்கு நிரம்பும் தடவைகளாலும் ஃபாரடு மதிப்பாலும் வகுத்தால், இரண்டு நிரப்பலுக்கு நடுவே மின்னழுத்தம் எவ்வளவு சரியும் என்று தோராயமாகக் கிடைக்கும். 1 ஆம்பியர் சுமைக்கு 1000 மைக்ரோஃபாரடு வைத்தால் 10 வோல்ட் சரிவு. 4700 வைத்தால் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிலையாக வைக்கும் ரெகுலேட்டருக்கு முன்னால் 10 வோல்ட் சரிந்தால் அது எப்படி வேலை செய்யும்? மல்டிமீட்டரை மாறுதிசை அளவைக்கு மாற்றி மின்தேக்கியின்மேல் வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் எண்ணாகவே தெரியும். சுமையோடு அளக்கவேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் எல்லா மின்வழங்கியும் நல்ல பிள்ளைதான்.

குளிர்ந்திருக்கும்போது எழ மறுக்கிறது, சூடானால் ஓடுகிறது

மின்தேக்கிப் பழுதுகளில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். ஒரு கணினித் திரை என்னிடம் வந்தது. பிளக்கைச் செருகினால் முன்பக்க விளக்கு துடிக்கும், திரை எழாது. பத்துத் தடவை அணைத்து அணைத்துப் போட்டால் ஒரு தடவை எழும், எழுந்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். மின்வழங்கிப் பலகையில் ஒரு மின்தேக்கிகூட உப்பவில்லை. 1000 மைக்ரோஃபாரடு என்று எழுதியதைக் கழற்றி அளந்தால் 880 காட்டியது, ±20 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. மீட்டரை நம்பியிருந்தால் அதைத் திரும்பப் பொருத்தியிருப்பேன்.

மீட்டர் பொய் சொல்லவில்லை, அதனிடம் நாம் கேட்டது வேறு கேள்வி. மின்பகுளி மின்தேக்கிக்குள் ஈரமான திரவம் இருக்கிறது. அது ஆண்டுகள் போகப் போக ரப்பர் அடைப்பின் வழியே ஆவியாகிக் குறையும். குறையக் குறைய, மின்தேக்கியோடு தொடரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகியது போன்ற விளைவு ஏற்படும். அதைத்தான் ஈ.எஸ்.ஆர். என்கிறார்கள், உள்தொடர் மின்தடை என்று சொல்லலாம். இந்த வேலைக்கென்று செய்த 1000 மைக்ரோஃபாரடு மின்தேக்கியில் அது சில பத்து மில்லிஓம்தான் இருக்கும். நான் கழற்றியதில் 2 ஓமைத் தாண்டியிருந்தது. மின்சாரத்தை வேகமான துடிப்புகளாக வெட்டி அனுப்பும் எஸ்.எம்.பி.எஸ். வகை மின்வழங்கியில் ஒவ்வொரு துடிப்பிலும் சில ஆம்பியர்கள் இந்த மின்தேக்கிக்குள் போய்வருகின்றன. 2 ஆம்பியர் 2 ஓமின் வழியே போனால் 4 வோல்ட் குதிக்கும். 5 வோல்ட் வெளியீட்டில் 4 வோல்ட் குதித்தால் பாதுகாப்புச் சுற்று உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கொஞ்சம் கழித்து மறுபடி முயலும். விளக்கு துடித்ததன் பொருள் அதுதான். கொள்ளளவு அளவி மிகச் சிறிய மின்னோட்டத்தில் மெதுவாக அளப்பதால் இந்தக் குறை அதன் கண்ணில் படுவதில்லை.

சூடானால் ஏன் ஓடுகிறது? திரவம் சூடேறும்போது மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், ஈ.எஸ்.ஆர். தாழும். இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சந்தேகப்படும் மின்தேக்கியை முடி உலர்த்தியால் ஒரு நிமிடம் மிதமாகச் சூடாக்கி, பிறகு கருவியைப் போடுங்கள். முதல் தடவையிலேயே எழுந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். வெப்பம் வீசும் அலுமினியத் தகட்டை ஒட்டி நிற்கும் சின்ன 22, 47 மைக்ரோஃபாரடு மின்தேக்கிகளை முதலில் சந்தேகியுங்கள். உருவத்தில் சிறியவை சீக்கிரம் உலர்கின்றன.

வெப்பத்தின் கணக்கு இரக்கமில்லாதது. 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று குறிப்பிட்ட மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி குறையும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது துறையில் நிலைத்த விதி. 65 டிகிரியில் 32,000 மணி. அதே பொருளை 95 டிகிரியில் வைத்தால் 4000 மணி, அரை ஆண்டுக்குக் கொஞ்சம் கீழே.

உப்பியிருக்கிறது, கசிந்திருக்கிறது, வெடித்துவிட்டது

இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஏன் உப்பியது என்று கேட்காமல் மாற்றினால் அடுத்ததும் உப்பும். புதிதாகச் சேர்த்த சுற்றில் போட்டவுடன் 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் முனை மாறியிருக்கிறது. அலுமினிய உருளையில் பக்கவாட்டுப் பட்டை எதிர் முனையைக் காட்டும். டான்டலம் வகையிலோ பட்டை நேர் முனையைக் காட்டும். இந்த ஒரு வேறுபாட்டை மறந்து டான்டலத்தைத் தீப்பற்ற வைத்தவர்கள் ஏராளம். திருப்பி இணைத்தால் ஆக்சைடு படலம் கரையும், மின்னோட்டம் ஏறும், உள்ளே வாயு உண்டாகும். உருளையின் தலையில் சிலுவை வடிவில் கீறி வைத்திருப்பது அந்த வாயு ஒழுங்காக வெளியேறத்தான். சோதிக்கும்போது முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள்.

நெடுநாள் ஓடிய கருவியில் உப்பியிருந்தால் வெப்பமோ, மின்னழுத்த வரம்புக்கு மிக நெருக்கமாக ஓடியதோ காரணமாகலாம். 12 வோல்ட் தடத்தில் 16 வோல்ட் மின்தேக்கி போதும் என்றாலும் நான் 25 வைக்கவே விரும்புகிறேன். 2000-களின் முதல் பாதியில் செய்த கணினி மதர்போர்டுகளில் மின்பகுளித் திரவத்தின் கலவையே தவறாக அமைந்து கூட்டம் கூட்டமாக உப்பின. அந்தக் காலத்துப் பலகை என்றால் ஒன்றை மட்டும் மாற்றாமல் பக்கத்தில் உள்ள அதே வகையையும் சேர்த்து மாற்றுங்கள்.

மீட்டரில் சரியாகக் காட்டுகிறது, சுற்றில் பாதிதான் இருக்கிறது

சின்னச் செராமிக் சில்லு மின்தேக்கிகளில் வரும் சிக்கல் இது. 10 மைக்ரோஃபாரடு என்று வாங்கி, மீட்டரிலும் 10 என்று பார்த்து, சுற்றில் வைத்தால் 4, 5 மைக்ரோஃபாரடு போல நடந்துகொள்ளும். உயர் கொள்ளளவுச் செராமிக்கில் பயன்படும் பேரியம் டைட்டனேட் பொருளின் இயல்பு அப்படி. அதன்மேல் நேர்திசை மின்னழுத்தம் ஏற ஏறக் கொள்ளளவு குறையும். மீட்டரோ ஒரு வோல்ட் அளவிலேயே அளந்துவிடுகிறது. உற்பத்தியாளர் தரும் வரைபடத்தில் உங்கள் மின்னழுத்தத்துக்கு நேரே என்ன மதிப்பு என்று பாருங்கள், அல்லது உருவத்தில் பெரியதை எடுங்கள்.

மதிப்பு பத்து மடங்கோ நூறு மடங்கோ தவறினால் எண்ணைப் படித்ததில்தான் பிழை. 104 என்றால் 10-க்குப் பின் நான்கு பூச்சியம், பிகோஃபாரடில். அதாவது 0.1 மைக்ரோஃபாரடு. 103 அதில் பத்தில் ஒன்று.

மோட்டார் முனகுகிறது, கையால் தள்ளினால் சுழல்கிறது

மின்விசிறியைப் பழுது பார்ப்பவர்கள் இதைக் 'கண்டென்சர் போயிடுச்சு' என்பார்கள். கண்டென்சர் என்பது வோல்ட்டா 18-ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர். பாடநூல்கள் அதை விட்டு நகர்ந்துவிட்டாலும் மோட்டார்ப் பட்டறைகள் விடவில்லை.

ஒற்றைக் கட்ட மோட்டாரில் ஒரே சுருள் இருந்தால் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிரச் சுழலாது. இரண்டாம் சுருளுக்குத் தொடரில் மின்தேக்கியை வைத்தால் அந்தச் சுருளின் மின்னோட்டம் முந்திக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து புலத்தைச் சுழற்றும். மின்தேக்கி போனால் அந்த முதல் தள்ளல் கிடைக்காது, கை கொடுத்தால் ஓடும். மெதுவாகச் சுழல்கிறது என்றால் முழுதாகப் போகவில்லை, மதிப்பு தேய்ந்திருக்கிறது. இந்த மின்தேக்கிகளில் பிளாஸ்டிக் ஃபிலிமின்மேல் உலோகம் மெல்லிதாகப் பூசியிருக்கும். ஓரிடத்தில் மின்காப்பு உடைந்தால் அங்கே உள்ள உலோகம் ஆவியாகிப் புண் தானே ஆறிவிடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் தகட்டின் பரப்பு கொஞ்சம் போகும். 2.5 என்று எழுதியதில் 1.6 அளந்தால் மாற்றுங்கள். அதே மைக்ரோஃபாரடு, அதே அல்லது கூடுதல் மாறுதிசை மின்னழுத்த வரம்பு, இரண்டையும் பாருங்கள். 'பெரிதாகப் போட்டால் வேகமாகச் சுற்றும்' என்ற யோசனை சுருளைச் சூடாக்கிவிடும்.

ரிலே அடித்தவுடன் மைக்ரோகன்ட்ரோலர் மீண்டும் தொடங்குகிறது

மின்வழங்கியில் பெரிய மின்தேக்கி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் இருபது சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கம்பியின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஏறக்குறைய 10 நானோஹென்றி மின்தூண்டல் கொண்டது. மின்னோட்டம் திடீரென்று தேவைப்படும் நேரத்தில் அந்தக் கம்பி அதைத் தாமதிக்கும், அதற்குள் ஐ.சி.யின் காலில் மின்னழுத்தம் சரிந்துவிடும். ஒவ்வொரு ஐ.சி.யின் மின்வழங்கல் காலுக்கும் தரைக்கும் நடுவே, முடிந்தவரை ஒட்டி, 0.1 மைக்ரோஃபாரடு செராமிக் ஒன்றை வையுங்கள். ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே டையோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சுருளை அணைக்கும் கணத்தில் எழும் மின்னழுத்தக் குதிப்பை அடக்குவது அதுதான், அது இல்லாவிட்டால் எந்த மின்தேக்கியாலும் காப்பாற்ற முடியாது.

போட்டவுடன் ஃபியூஸ் போகிறது

வெறுமையான மின்தேக்கி முதல் கணத்தில் வெறும் கம்பி என்று தொடக்கத்தில் சொன்னேன். இரைச்சல் குறையட்டும் என்று 1000 இருந்த இடத்தில் 10,000 வைத்தால் அந்தக் கணம் பத்து மடங்கு நீளும். டையோடும் சுவிட்சும் அதைத் தாங்கவேண்டும். தொடரில் தெர்மிஸ்டர் (குளிர்ந்திருக்கும்போது மின்தடை கூடியும் சூடானதும் குறைந்தும் இருக்கும் ரெசிஸ்டர்) வைப்பது வழக்கமான வழி.

பாட்டில் அடிநாதம் காணோம்

ஒலிபெருக்கிக்குத் தொடரில் உள்ள மின்தேக்கி சிறியதாக இருக்கிறது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 100 மைக்ரோஃபாரடு வைத்தால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும், 1000 வைத்தால் 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். இந்தச் சுற்றைப் போடும்போது வரும் 'தொப்' சத்தம் மின்தேக்கி நிரம்பும் சத்தம், பழுது அல்ல.

தொடரில் வைத்த இரண்டில் ஒன்று மட்டும் வெடிக்கிறது

25 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டைத் தொடரில் வைத்தால் 50 வோல்ட் தாங்கும் என்று கணக்கிட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே மதிப்பாக இருந்தால்தான் அது பொருந்தும். தொடரில் இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம்தான் போகும், ஆகவே சிறியது அதிக மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். 10 மைக்ரோஃபாரடையும் 100 மைக்ரோஃபாரடையும் தொடரில் வைத்து 44 வோல்ட் கொடுத்தால் சிறியதன்மேல் 40 வோல்ட், பெரியதன்மேல் 4. ஒரே மதிப்பு எழுதியிருந்தாலும் நேரம் போகப் போகக் கசிவு குறைந்தது எதுவோ அதன்மேல் மின்னழுத்தம் குவியும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே சம மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பங்கைச் சமப்படுத்துங்கள். கருவியை அணைத்த பிறகு மின்தேக்கிகளை வடித்துவிடும் வேலையையும் அவையே செய்துவிடும்.

புதியது போட்டும் அதே கோளாறு

மதிப்பு சரி, முனை சரி, சால்டர் சரி, ஆனாலும் கருவி அப்படியே இருக்கிறது. பழையது கசிந்திருந்தால் புதியதைத் திரும்பக் கழற்றி, அதன் அடியில் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்பாக ஒட்டும் படலம் தெரியும். அந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்தும், செம்புத் தடத்தையும் அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் துலக்கியால் தேய்த்து, முழுக்க உலரவிட்டு, துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையத்திலிருந்து தடத்தின் மறு முனைவரை மீட்டரால் தொடர்ச்சி பாருங்கள். அரித்து அறுந்திருந்தால் மெல்லிய கம்பி ஒன்றைப் பாலமாகச் சால்டர் செய்துவிட்டு, அதே புதிய மின்தேக்கியைத் திரும்பப் பொருத்துங்கள்.